கதவில்லா நகரத்தின் வாசகர்கள்

தொடர்கதை எழுதுகிறவன் நினைத்து எழுதுவது ஒன்று, வாசகர் எடுத்துக்கொண்டு போவது வேறொன்று. என்னைப் போல எழுதிப் பிழைத்து நொந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலம். தூத்துக்குடியில் ஒரு சின்ன வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தேன். அதில் ‘கதவில்லா நகரம்’ என்றொரு தொடர் எழுதினேன். இனி வரப்போகும் ஒரு காலத்தில் ஒரு நகரம். அங்கே எந்த வீட்டுக்கும் கதவு கிடையாது. மணி அடித்தால் எல்லாரும் ஒரே கூடத்தில் சாப்பிட வேண்டும். மறுமணிக்கு எல்லாரும் படுக்க வேண்டும். தனக்கென்று ஒன்றை ஆசைப்படுவது குற்றம். ஒருவன் மட்டும் ஒளித்து ஒளித்துத் தன் வீட்டுக்கு ஒரு கதவு செய்கிறான். படிக்கிறவர்கள் நடுங்கிப்போவார்கள் என்று நினைத்தேன்.

வழி கேட்டவள்

முதலில் தேடி வந்தவள் பேச்சி, உப்பளத்தில் வேலை பார்ப்பவள். காலெல்லாம் உப்பு அரித்த வெடிப்பு. அரிசிக்கு ரேஷன் வந்திருந்த சமயம். பக்கத்து வீட்டில் யாரோ என் கதையை வாசிக்கக் கேட்டிருக்கிறாள். “மணி அடிச்சா எல்லாத்துக்கும் சோறு போடுதாகளாமே, நெசமாய்யா?” என்றாள்.

கதைதான் அம்மா என்றேன். அங்கே யாரும் சொந்த விருப்பப்படி இருக்க முடியாது, வீட்டுக்குக் கதவுகூட இல்லை, அது நரகம் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “எங்க குடிசைக்கும் கதவு இல்லய்யா, சாக்குதான் தொங்குது. அந்த ஊருக்கு எந்த ரயில்ல ஏறணும்னு மட்டும் சொல்லுங்க.”

இரண்டு பாராட்டு

ஒரு மில்லின் மானேஜர் கூப்பிட்டு அனுப்பிக் காபி கொடுத்தார். சங்கம் வைக்கிறவர்கள் கையில் நாடு போனால் இப்படித்தான் ஆகும், அருமையாக எழுதுகிறீர் என்றார்.

வெளியே வந்தால் மில் கேட் அருகில் சுப்பையா, அதே மில்லின் சங்கத்துக்காரன், என் பழைய சிநேகிதன். கையைப் பிடித்துக் குலுக்கினான். உள்ளே அவர்களை நம்பர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம். எங்கள் மில்லை அப்படியே எழுதிவிட்டாய் என்று ஒரே சந்தோஷம். கதவு செய்கிறவனைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தான். “அவனா? சங்கத்துல சேராம ஒத்தையில இழைப்புளி தள்ளிக்கிட்டு இருந்தா, பிடிபடாம என்ன செய்வான்?”

முடிவு கேட்டவன்

கயித்தான் என்பவன் தெற்கே ஒரு மீனவர் ஊரிலிருந்து வந்தான். ஊர்ப் பேர் வேண்டாம். அங்கே ஒரு விதவையின் குடும்பத்தை ஊர் விலக்கி வைத்திருந்தது. அவளுடைய தாய் செத்தபோது சவப்பெட்டி தூக்க ஆளில்லை. இவன் போய்த் தூக்கினான். அன்றிலிருந்து இவனையும் விலக்கிவிட்டார்கள். யாரும் பேசுவதில்லை. கடலிலிருந்து திரும்பினால் வள்ளத்தைக் கரையேற்ற ஒரு கை வருவதில்லை.

அவன் கையில் எங்கள் பத்திரிகை, மடிப்பில் கிழிந்துபோய் இருந்தது. கதவு செய்கிறவன் கடைசிவரை நிற்பானா, பணிவானா என்று கேட்டான். நிற்பான் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். “மாத்தி எழுதீராதீங்க ஐயா. மன்னிப்புக் கேட்டிரலாம்னு எம் பொண்டாட்டி அழுதா. உங்க ஆளு நிக்கான்னு சொல்லித்தான் அவளை நிறுத்தி வச்சிருக்கேன்.”

அண்ணாச்சி எழுதிய அத்தியாயம்

பத்திரிகை முதலாளி அண்ணாச்சி கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டு மேஜைமேல் போட்டார். யுத்த சமயத்தில் எல்லாரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று சர்க்கார் சொல்கிறது. ஒற்றை ஆள் எதிர்த்து நின்றான் என்று போட்டால் அவர்கள் அளந்து கொடுக்கும் காகிதம் நின்றுபோகும் என்றார். அவன் தானே கதவை உடைத்து அடுப்பில் வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்க வேண்டுமாம்.

மாட்டேன் என்றேன். தன் கையாலேயே எழுதி, என் பேரில் அச்சுக்குக் கொடுத்தார். தடுக்கப் போனேன். அச்சுக் கோக்கிறவர்களும் மிஷின்காரரும் வேலையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் முகத்திலும் எனக்கு இடமில்லை. அண்ணாச்சி கோபப்படக்கூட இல்லை. “உம்ம ஒருத்தருக்காவ இத்தனை பேரு வயித்துல மண்ணள்ளிப் போடச் சொல்லுதீரா, வே?”

கரையில்

இதழ் வெளிவந்த அன்றே, நான் எழுதிய உண்மையான முடிவை எடுத்துக்கொண்டு கயித்தான் ஊருக்குப் போனேன். கரையில் ஆட்கள் ஒரு வள்ளத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் கயித்தான். என்னைப் பார்த்து, வேலை முடிந்தபின் தனியாக வந்தான். அச்சானது என் முடிவில்லை என்று தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

“கதையை நான் பாக்கவே இல்ல ஐயா. போன வாரம் காத்து எழும்பிட்டு. நானும் எம் பொண்டாட்டியும் இழுத்தோம், வள்ளம் அசையல. அலை அடிச்சு அடிச்சுப் பலகை பிளக்குது. ஊரே நின்னு பாத்துச்சு. அங்கனயே மண்ணுல விழுந்து கும்பிட்டேன். அதுக்கப்புறம் எல்லாரும் ஓடி வந்து தூக்கினாங்க.”

அந்த விதவை என்ன ஆனாள் என்று கேட்டேன். கோயிலுக்கு அப்பால் தனியாக நின்ற ஒரு வீட்டின் பக்கம் என் கண் போனது. அவன் கண் போகவில்லை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்: “அந்தப் பக்கம் மட்டும் போயிராதீங்க ஐயா. போனீங்கன்னா, அப்புறம் உங்ககிட்டயும் நான் பேச முடியாது.”

வரப்போகும் காலத்தின் கொடுமையைக் கற்பனை செய்து எழுத உட்காரும் சகோதரர்களே, தயவுசெய்து வெளியே இறங்குவதற்கு முன்பே எழுதி முடித்துவிடுங்கள், இறங்கிவிட்டால் கற்பனைக்கு ஒன்றும் மிஞ்சாது.