கழற்றி மாட்டிப் பார்க்காத பட்டை

நாமக்கல்லில் நானும் என் தங்கை கணவரும் சேர்ந்து லாரிப் பட்டறை நடத்தி வந்தோம். காலையில் நடக்கும்போது இதயத்துடிப்பைப் பார்க்க, நெஞ்சில் கட்டும் பட்டையை ஆளுக்கொன்று ஆன்லைனில் வாங்கினோம்.

மைதானத்தில் ஒரு சுற்று முடிந்ததும் என் செல்போனில் 108 காட்டியது. அவருடையதில் 174. தோலில் நன்றாகப் படட்டும் என்று பட்டையை நனைத்து, இறுக்கிக் கட்டி, பத்து நிமிடம் உட்கார்ந்தும் 160க்குக் கீழே இறங்கவில்லை.

“நெஞ்சு படபடன்னுதானுங்க மச்சான் இருக்குது,” என்றார்.

“இறுக்கிக் கட்டுனா அப்படித்தானுங்க மாப்ள இருக்கும். மீட்டரு கோளாறு, திருப்பி அனுப்பிருங்க,” என்றேன்.

அனுப்பிவிட்டு, கையில் கட்டும் வாட்ச் வாங்கினார். அது 90 காட்டியது. இருவருக்கும் நிம்மதியாக இருந்தது.

வாட்ச் கட்டிய நான்காம் நாள் மூன்றாவது சுற்றில் சரிந்தார். ஆஸ்பத்திரி சேரும் முன்பே உயிர் போய்விட்டது. துடிப்பு தாறுமாறாக ஓடும்போது கையில் கட்டும் வாட்ச் பல துடிப்புகளை எண்ணாமல் விட்டுவிடும் என்று அங்கே சொன்னார்கள். “முன்னாடியே படபடப்பு இருந்துச்சுங்களா?” என்று டாக்டர் கேட்டபோது தங்கை என் முகத்தைப் பார்த்தாள்.

லாரியில் சூடு காட்டும் மீட்டர் எகிறினால், இன்னொரு வண்டியின் மீட்டரைக் கழற்றி மாட்டிப் பார்க்காமல் அதைக் கோளாறு என்று நாங்கள் சொன்னதே இல்லை. என் பட்டையைக் கழற்றி அவர் நெஞ்சில் கட்ட ஒரு நிமிடம் ஆகியிருக்காது.

இப்போது மைதானத்தில் யாருக்காவது எண் தாறுமாறாக ஏறினால், என் பட்டையை அவிழ்த்து நீட்டுகிறேன். அதிலும் அப்படியே காட்டினால் டாக்டரிடம் கூட்டிப்போகிறேன். வியர்வையாக இருக்கிறதே என்று சிலர் தயங்குவார்கள். அவர்கள் கட்டிக்கொள்ளும்வரை நான் அங்கிருந்து நகர்வதில்லை.