வண்டி ஏற விடாத காப்பு

வியாழக்கிழமை, காலை ஐந்து மணி இருபது நிமிடம். முதலில் என் கண்ணில் பட்டது வண்டியின் பின்பக்கச் சிவப்பு விளக்கு. இராணுவ இசைக்குழுவுக்குத் தேர்வானவர்களை ஏற்றிக்கொண்டு அது அலோன் சாலையில் திரும்பியது. அதில் எனக்கும் ஓர் இடம் இருந்தது. நான் தெருவோரம் நின்றேன். ஏறவில்லை.

எனக்கு வயது முப்பத்தெட்டு. பதினாறு ஆண்டுகள் யாங்கோன் உணவகங்களில் பர்மியப் பாட்டுப் பாடிப் பிழைத்தேன். மின்சாரம் நாளுக்குச் சில மணி நேரம் என்றானதும் உணவகங்கள் பொழுது சாயும்போதே மூடின. முதலில் வாத்தியக்காரர்களை நிறுத்தினார்கள், பிறகு என்னை. ஏழு மாதம் வேலையில்லை. என் மனைவி மா தீடா பபேடான் கடைவீதியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறாள். அவள் வாங்கி வரும் அரிசிதான் எங்கள் மூவருக்கும். மகள் தட்டில் பாதியை ஒதுக்கிவைத்து, "இது அப்பாவுக்கு" என்பாள். அந்த நாட்களில் செத்துப்போகலாமா என்று நினைத்தேன். அதை மறைக்க விரும்பவில்லை.

ட்ரம்பெட் வாசிக்கும் நண்பர் கோ சேகர்தான் இராணுவ இசைக்குழுவில் ஆள் எடுக்கும் செய்தியைச் சொன்னார். மாதச் சம்பளம், அரிசி, எண்ணெய், குடியிருக்க வீடு. "கல்யாணத்துல நின்னு பாடினாலும் பாட்டுதான், அணிவகுப்புல நின்னு பாடினாலும் பாட்டுதான் அண்ணே. வயிறு வித்தியாசம் பாக்காது" என்றார். எழுதிக் கொடுப்பதைப் பாட வேண்டும், இடையில் விலக முடியாது. தெரிந்தேதான் பெயர் கொடுத்தேன்.

குரல் தேர்வன்று எங்கள் பகுதித் தமிழர்களின் அம்மன் கோயிலில் அழுதேன். இந்த வேலை கிடைத்தால் இந்த மாசியிலேயே தீ மிதிக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன். சனிக்கிழமை தேறினேன். திங்கட்கிழமை காப்புக் கட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது: வியாழன் விடியலில் வடக்கே உள்ள முகாமுக்குப் புறப்பட வேண்டும். தீமிதியோ அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை. காப்புக் கட்டியவன் விழா முடியும்வரை ஊரைவிட்டு வெளியே இரவு தங்கக்கூடாது. தேதியைக் கேட்காமல் கையை நீட்டியது என் தவறு.

பத்து நாள் தவணை கேட்டேன். அலுவலகத்தில் சிரித்தார்கள். பூசாரியிடம் போனேன். "அவிழ்த்துட்டுப் போ தம்பி, நான் தடுக்க மாட்டேன். கேட்டுக் கட்டிக்கிட்டவன் நீதான்" என்றார்.

மூன்று முறை முடிச்சில் கை வைத்தேன். அம்மனிடம் கேட்டு வாங்கியதை அம்மனுக்குக் கொடுத்த வாக்கை மீறி எப்படி அனுபவிப்பது? முடியவில்லை.

வண்டி போனதும் வீட்டுக்கு வந்தேன். மா தீடா பௌத்தப் பெண். எங்கள் காப்பும் தீயும் அவளுக்குப் பழக்கமில்லை. அவள் குரலை உயர்த்தவில்லை. "உங்க அம்மனுக்குப் பசிக்காது. உங்க மகளுக்குப் பசிக்கும்" என்றாள். அதோடு என்னோடு பேசுவதை நிறுத்தினாள். தினமும் கோயிலுக்குப் போய் ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டுப் பாடினேன். நம்பிக்கையால் அல்ல. வீட்டில் இருக்க முடியாததால்.

தீ மிதித்தேன். கால் புண்ணானது. ஒன்றும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கோயிலுக்கு எதிர்வீட்டு டோ மியா என்னைத் தேடி வந்தார். மழலையர் பள்ளி நடத்தும் பர்மிய அம்மாள். "பத்து நாளா உன் தொண்டையால எனக்குத் தூக்கமே இல்லை. அந்தத் தொண்டையை என் பிள்ளைகளுக்காவது குடு" என்றார். பாட்டு ஆசிரியர் வேலை. சம்பளம் இராணுவத்தில் சொன்னதில் பாதி, மாதம் ஒரு மூட்டை அரிசி. முதல் மூட்டையை அன்றே கொடுத்தனுப்பினார். மா தீடா அந்த அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்தாள். அன்று மாலை என்னோடு பேசினாள்.

கேட்ட வேலையை அம்மன் தரவில்லை. வேறொன்றைத் தந்தாள். இப்போது காலையில் கும்பிட்டுவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன். வழி அடைபட்டு நிற்கிறவர்கள் இதைப் படித்தால், கொடுத்த வாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள். மற்றதை அவளிடம் விடுங்கள்.

நான் போகாத இடத்துக்குப் பட்டியலில் அடுத்து இருந்தவரை அழைத்துக்கொண்டார்கள். அவருக்கு வயது பத்தொன்பது.