அப்பாவுக்கு மூன்று நாள், பெரியப்பாவுக்கு ஒரு நாள்

எங்கள் கல்லூரிப் பெண்கள் கால்பந்து அணி சாம்பியன் ஆன வருஷத்தைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த அணியின் படம் ஈப்போவில் கல்லூரி அலுவலக வாசலில் இன்னும் தொங்குகிறது. ஓரத்தில் கை கட்டி முறைத்துக்கொண்டு நிற்பவள் நான். இறுதிப் போட்டி வரைக்கும் அணி போட்ட கோல்களில் பாதிக்கு மேல் என் காலிலிருந்து போனவை. சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை. வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அரையிறுதி ஒரு செவ்வாய்க்கிழமை, கோலா கங்சாரில். மழையில் ஊறிய திடல், களி மாதிரி குழைந்தது. கடைசி நேரத்தில் நான் போட்ட கோலில் ஜெயித்தோம். பஸ்ஸில் திரும்பும்போது என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அணியில் என்னைத் தவிர இன்னொரு தமிழ்ப் பெண்ணும் இருந்தாள். நான் விழுந்தால் என் இடத்தில் இறங்க வேண்டியவள். நான் விழவே இல்லை, அவள் அந்த வருஷம் முழுக்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். எனக்கு அவள்தான் நெருக்கம், ஒரே தட்டில் சாப்பிடுவோம்.

மறுநாள் காலை பெரியப்பா தவறிப்போனார். அப்பாவின் ஒரே அண்ணன். கோப்பெங் பக்கம் கம்பெனிக்காரன் தோட்டத்து ரப்பர் மரங்களை எல்லாம் வெட்டி வீடு கட்டி விற்ற பிறகும், காலி பண்ண மாட்டேன் என்று தோட்டத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த லயத்து வீட்டிலேயே கிடந்தவர். எனக்கும் அவருக்கும் ஆகாது. பொம்பளப் பிள்ளைக்கு அரைக்கால் சட்டை என்ன வேண்டிக் கிடக்கு என்று பார்க்கும்போதெல்லாம் திட்டுவார். செத்தும் என்னை ஆடவிடாத மனுஷன் என்று பிறகு எத்தனையோ முறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். பாவம், அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

குற்றம் என் விரலில். வீடு முழுக்க அழுகை. அதற்கு நடுவில் நின்றுகொண்டு எங்கள் கோச்சுக்கு மெசேஜ் அனுப்பினேன். அவர் மலாய்க்காரர். அப்பாவின் அண்ணனைச் சொல்ல மலாயில் சொல் இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடப் பரீட்சை எல்லாம் மலாயில் எழுதியவள்தான் நானும். ஆனால் அந்த நேரத்தில் வாயில் இருந்த சொல்தான் கைக்கு வந்தது. பெரியப்பாவை அப்படியே இரண்டாகப் பிளந்து, ‘பாபா பெசார்’ இறந்துவிட்டார் என்று தட்டினேன். பாபா என்றால் அப்பா, பெசார் என்றால் பெரிய. நமக்கு இதில் என்ன குழப்பம்? கோச் கண்ணில் அப்பா மட்டும்தான் பட்டார். மூன்று நாள் வரவேண்டாம், மனசைத் தேற்றிக்கொள், சனிக்கிழமை இறுதிப் போட்டிக்கு நேராக வந்துவிடு என்று உடனே பதில் வந்தது. எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். என் தோழிக்குத் தனியாக அனுப்பினேன், தமிழில்: பெரியப்பா தவறிட்டாருடி.

கருமாதி கழியாமல் பந்தாடப் போவதா என்று அம்மா குதித்தார். அப்பாதான் அடக்கினார்.

“போனது என் அண்ணன். தீட்டு என்னோட இருக்கட்டும். பிள்ளை ஆடட்டும்.”

அதோடு விடாமல் தானும் வருவதாகக் கிளம்பினார். அதுவரை என் ஆட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. லோரி ஓட்டுகிறவருக்குச் சனி ஏது, ஞாயிறு ஏது. எனக்குத் தலைகால் புரியவில்லை. வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே போனேன்.

திடலுக்குப் போனால், எங்கள் அணி மொத்தமும் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

“யாரும்மா போயிட்டாங்க?” என்று அப்பா மெதுவாகக் கேட்டார்.

எனக்கும் தெரியவில்லை. கோச்சிடம் கூட்டிப்போய், இவர்தான் என் அப்பா என்றேன். அவர் நீட்டிய கை பாதியில் நின்றது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவசர அவசரமாக விளக்கினேன். எங்கள் வழக்கத்தில் அப்பாவின் அண்ணனும் அப்பாதான் என்று அப்பாவும் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிப் பார்த்தார். கோச் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. கல்லூரி விடுப்பு அப்பா இறந்தால் மூன்று நாள், அப்பாவின் அண்ணன் என்றால் ஒரு நாள். உனக்காக நான் கையெழுத்துப் போட்டு மூன்று நாள் வாங்கினேன், இந்தப் பிள்ளைகள் உனக்காக அழுதார்கள் என்றார். பிறகு என் தோழி பக்கம் திரும்பி, உங்கள் பாஷையில் அப்படித்தான் சொல்வீர்களா என்று கேட்டார்.

தன் பெரியப்பா வீட்டிலேயே தங்கிப் படித்து வளர்ந்தவள் அவள். என் மெசேஜ் வேறு அவள் போனில் இருந்தது. எல்லாம் தெரிந்தும் கையில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நின்றவள். குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினாள், ஏற்கெனவே கட்டியிருந்த கயிற்றை.

“தாக் தாவு, கோச்” என்றாள்.

தெரியாதாம்.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் இடத்தில் அவள் இறங்கினாள். ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தோம். அந்த ஒன்றும் அவள் போட்டதில்லை. எதிரணிப் பெண் ஒருத்தியின் முழங்காலில் பட்டுத் தன்பாட்டுக்கு உள்ளே போன பந்து. மெடல் எனக்கும் கொடுத்தார்கள். கோச் என் முகத்தைப் பார்க்காமலே கழுத்தில் மாட்டிவிட்டார். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிக்கப் பார்த்தாள். தள்ளிவிட்டேன். படம் எடுத்தது அதற்குப் பிறகுதான்.

அப்பா கடைசிவரை வேலியோரம் நின்றே பார்த்தார். நான் ஆடாத ஆட்டத்தில் அவருக்குப் பார்க்க என்ன இருந்ததோ. திரும்பும் வழியில் கோப்பெங் நெருங்கும்போது, சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்.

“நான் வராம இருந்திருந்தா நீ ஆடியிருப்பல்ல?”

அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் பொய்க்காரி என்று பேர் எடுத்தவள், அந்த ஒரு கேள்விக்காவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஆமாப்பா என்றேன்.