வீட்டுக்கு இரண்டே குழந்தை இருந்த ஊர்

1. பட்டணத்துப் படிவம்

ஜவ்வாது மலைக்கு நான் எடுத்துக்கொண்டு போன படிவம் மலைக்காக அச்சடித்ததே இல்லை. பட்டணத்துக் குடிசைப் பகுதிகளில் எத்தனை குடும்பம், என்ன தொழில், என்ன வசதி என்று கணக்கெடுக்க அடித்தது. அங்கே வேலை முடிந்ததும் மிச்சமிருந்த கட்டுகளை எங்கள் ஆபீசுக்குத் தள்ளிவிட்டார்கள். வீட்டு வாடகை எவ்வளவு, தெருக்குழாய் எத்தனை அடி தூரம், பஸ் ஸ்டாப்புக்கு எத்தனை நிமிஷ நடை என்று நாலு பக்கத்துக்குக் கேள்விகள்.

எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்து மூன்று வயது. கண்ணமங்கலத்தில் அப்பாவுக்குச் சைக்கிள் கடை. வீட்டில் முதலில் அரசாங்கச் சம்பளம் வாங்கியவள் நான்தான். பதவியின் பெயர் இன்வெஸ்டிகேட்டர். பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம், டெம்பரரி போஸ்ட். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மேலதிகாரி எழுதிக் கொடுத்தால்தான் நீட்டிப்பார்கள். எழுதிக் கொடுக்க வேண்டியவர் புள்ளிவிவர அதிகாரி தாமோதரன் சார்.

"சார், மலையில தெருக்குழாயே கிடையாதே?" என்று முதல் நாளே கேட்டேன்.

"படிவத்த மாத்தறதுக்கு நீயும் நானும் யாரும்மா? கேக்கச் சொன்னத கேளு, சொல்றத எழுது" என்றார்.

கேட்டேன். ஜமுனாமரத்தூரிலிருந்து இரண்டரை மணி நேரம் நடக்க வேண்டிய ஒரு சிற்றூர். அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. முதல் வீட்டுக்காரர் என் குழாய்க் கேள்வியை ரொம்ப மரியாதையாக யோசித்துவிட்டு, "கொயா இல்லீங்க. ஓட இருக்குது. அது நம்மகிட்ட வராது, நாமதான் போவணும்" என்றார். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் நான் விழித்ததைப் பார்த்து அவரே, "வுடுங்க, தண்ணி நல்லாதான் இருக்குது" என்று என்னைத் தேற்றினார்.

இந்தக் கணக்கை வைத்து ஒரு காரியம் முடிவாக வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வரப்போகிறது. பள்ளி வயதுப் பிள்ளைகள் எங்கே அதிகமோ அங்கே கட்டுவார்கள். ஆனால் இதை ஊரில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது என்று ட்ரெய்னிங்கில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சொன்னால் ஜனங்கள் இல்லாத பிள்ளையையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்களாம். நானும் எதற்கு வந்திருக்கிறேன் என்று கேட்டவர்களிடமெல்லாம் "சும்மா கணக்குக்குத்தான்" என்றேன். அரசாங்கத்திலிருந்து பேப்பரோடு ஒருத்தி மலையேறி வந்து "சும்மா" என்றால் யார் நம்புவார்கள்? இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

2. ரெண்டுங்க

"கொழந்தைங்க எத்தனை?"

"ரெண்டுங்க."

அடுத்த வீடு. "ரெண்டுங்க." அதற்கடுத்த வீடு. அங்கேயும் ரெண்டு. புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒன்று என்றார்கள். மூன்று என்று ஒரு வாய்கூடச் சொல்லவில்லை.

பச்சையம்மா என்ற பெண் இடுப்பில் ஒன்றும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுமாக வாசலில் நின்றாள். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவள்.

"இதுங்களுக்கு மேல பெருசு ஏதாவது?"

"இல்லீங்க. ரெண்டுதான். ரெண்டு போதும்ல?" என்றாள், பரீட்சையில் பதில் சொன்ன பிள்ளை மாதிரி என் முகத்தைப் பார்த்து.

நான் பூரித்துப் போனேன். எழுத்து வாசனை இல்லாத ஊரில் இவ்வளவு தெளிவா! குறிப்புக் கட்டத்தில் "அளவான குடும்பம்" என்று அழகாக எழுதினேன். தாமோதரன் சாரும் பூரித்தார். "பட்டணத்துலகூட இப்படி ஒரு ஊரக் காட்ட முடியாதும்மா" என்று ஆபீசில் நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். தரையில் கால் பாவாமல் ஒரு வாரம் நடந்தேன்.

கொஞ்சம் மூளையைச் செலவழித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். முப்பது வயதுப் பெண்களின் மூத்த பிள்ளைக்கு மூன்று வயது, நான்கு வயது. ஊர் முழுக்க அப்படி. கூட்டல் சரியாக வந்ததால் நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

3. அக்கா பெண்

ஒரு மாதம் கழித்து முடிவு வந்தது. பள்ளிக்கூடம் இரண்டு ஓடை தாண்டியிருக்கும் வேறு ஊருக்கு. இந்த ஊரில் பள்ளி வயதுப் பிள்ளைகள் அநேகமாக இல்லை என்று என் கையெழுத்தோடு போன கணக்கே சொல்லிவிட்டது. மழைக்காலத்தில் அந்த ஓடைகளைப் பெரியவர்கள் தாண்டுவதே பாடு. இப்போது இடுப்பில் இருக்கிற பிள்ளைகள் நாளைக்கு எப்படிப் போகும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கணக்கு கணக்குதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வாரம் ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் பச்சையம்மாவைப் பார்த்தேன். சீத்தாப்பழம் விற்க வந்திருந்தாள். பக்கத்தில் ஒன்பது வயதுப் பெண் ஒன்று தலையில் கூடையோடு நின்றது.

"யம்மா, கூடய எறக்கட்டுமா?" என்றது அது.

பச்சையம்மா என்னைப் பார்த்துவிட்டாள். "எங்க அக்கா பொண்ணுங்க" என்றாள் அவசரமாக.

"இன்னாம்மா சொல்ற?" என்று அந்தப் பெண் அவளை நிமிர்ந்து பார்த்தது. மூக்கு, நெற்றி, கோபம்கூட அப்படியே தாயை உரித்து வைத்திருந்தது. வெள்ளச்சி என்று பெயர்.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சந்தை என்றுகூடப் பார்க்கவில்லை. "என்னை முட்டாளாக்கிட்டீங்களே, ஊரே சேர்ந்து பொய் சொல்லியிருக்கீங்க" என்று கத்தினேன். பச்சையம்மா என் கையைப் பிடித்து உப்புக்கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"கத்தாதீங்க. மூணு இருக்குதுன்னா எங்க வூட்டுக்காரர இட்டுனு போய்டுவாங்கன்னுதான்..."

அப்புறம் சொன்னாள். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் அவள் தம்பி சடையன் இதே போல ஒரு சந்தைக்குப் போனபோது ஒரு ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்களாம். ஏதோ ஊசி என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கேயோ போட்டிருந்த குடும்பக் கட்டுப்பாட்டு முகாம் அது. தலைக்கணக்குக் காட்ட ஆள் குறைந்திருக்கும் போலிருக்கிறது. ஆபரேஷனைச் செய்துவிட்டு மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

"அவனுக்குக் கண்ணாலமே ஆவலீங்க. பொண்ணு பேசி முடிச்சிருந்தோம். சேதி தெரிஞ்சதும் அவங்க வேற எடம் பாத்துக்கினாங்க."

அதற்குப் பிறகு ஊர் கூடி ஒரு முடிவெடுத்திருக்கிறது. பேப்பரோடு யார் வந்தாலும் இரண்டு பிள்ளை. பால்குடியையும் அதற்கு மேலே உள்ளதையும் தாயை விட்டு ஒளிக்க முடியாது. அதனால் பெரிய பிள்ளைகள் எல்லாம் சாமை விளையும் கொல்லைக்காட்டுக் குடிசைக்குப் போய்விட வேண்டும். நான் வாசலில் நின்று "அளவான குடும்பம்" என்று எழுதிக்கொண்டிருந்தபோது, பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பிள்ளைகள் அத்தனையும் கொல்லையில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருந்தன.

"பச்சையம்மா, நான் எடுத்தது பள்ளிக்கூடத்துக்கான கணக்கு" என்றேன்.

"அத அன்னிக்கே சொல்லக் கூடாதாங்க?" என்றாள்.

அவள் குரலில் கோபம்கூட இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

4. ஜீப் வரும், ஓடாதீங்க

தாமோதரன் சாரிடம் என் கணக்கு தப்பு என்று சொன்னேன்.

"போன மாசம் ரெண்டு, இந்த மாசம் மூணு நாலா? ஸ்கூல் வேணும்னு ஊர்க்காரங்க சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா?" என்று மேஜையைத் தட்டினார். "நானே வந்து தலைய எண்ணுவேன். வெள்ளிக்கிழமை. புள்ளைங்க கண்ணுல படலேன்னா பழைய கணக்கே போகும். உன் எக்ஸ்டென்ஷனுக்கு நான் எழுத மாட்டேன்."

"ஜீப் வேணாம் சார். அந்தச் சத்தம் கேட்டாலே ஓடிடுவாங்க. நடந்து போலாம்."

"என் மூட்டு வலி உனக்குத் தெரியாதா? மரம் ஏத்தற லாரிப் பாதை இருக்குதில்ல, ஜீப் போவும்."

இரண்டு நாள் முன்னதாகவே மேலே போய் வீடு வீடாகச் சொன்னேன். இந்த முறை எல்லாவற்றையும் திறந்து சொன்னேன். பள்ளிக்கூடம், ஓடை, ஆபீசர், ஜீப் எல்லாம். கேட்டவர்கள் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "ஜீப்புலயா?" யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. பச்சையம்மா மட்டும் "பாக்கலாங்க" என்றாள். அவள் கணவர் அதற்கும் அவளை முறைத்தார்.

வெள்ளிக்கிழமை ஜீப் முக்கி முனகி மேலேறியபோது அந்தச் சத்தம் மலை முழுக்கக் கேட்டிருக்கும். ஊருக்குள் போய் நின்றோம். ஒரு ஆள் இல்லை. மூங்கில் தட்டிக் கதவுகள் சாத்தியிருந்தன. அடுப்புப் புகை மட்டும் கூரை வழியாக வந்துகொண்டிருந்தது. சார் என்னைப் பார்த்தார்.

அப்போது இரண்டு வீட்டுக்கு நடுவிலிருந்து ஒருவர் வந்தார். இருபத்தெட்டு வயது இருக்கும். தோளில் துண்டு. நேராக ஜீப்பிடம் வந்து பானெட் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"நான் சடையன்ங்க. பச்சையம்மா தம்பி. எங்கிட்ட எடுக்கறதுக்கு இனிமே ஒண்ணும் இல்ல, அதனால நான் வந்து நிக்கறேன். நீங்க தலைய எண்ணத்தான் வந்தீங்களா?"

"ஆமாப்பா. பள்ளிக்கூடத்துக்கு" என்றார் சார்.

"அப்ப வண்டிச் சாவிய இந்தம்மாகிட்ட குடுங்க."

டிரைவர் சிரித்தார். சார் சிரிக்கவில்லை. அவருக்கு என்ன தோன்றியதோ தெரியாது, டிரைவரிடமிருந்து சாவியை வாங்கி என் கையில் வைத்தார். வலிக்கிற மூட்டோடு இறங்கிப் போய் ஒரு உரல் மேல் உட்கார்ந்தார்.

சடையன் கொல்லைப் பக்கம் போனார். நெடுநேரம் ஆன மாதிரி இருந்தது. எனக்கு வேலை போவதுகூட மறந்துவிட்டது, பிள்ளைகள் வர வேண்டுமே என்றுதான் இருந்தது. வந்தார்கள். முன்னால் சடையன், அவர் துண்டின் முனையைப் பிடித்தபடி வெள்ளச்சி, அவளுக்குப் பின்னால் வரிசையாகப் பிள்ளைகள். மாமன் வண்டிப் பக்கத்தில் நின்றால் பயமில்லை என்று அதுகளே முடிவு செய்த மாதிரி எல்லாம் அவரைச் சுற்றி நின்றுகொண்டன. அப்புறம்தான் கதவுத் தட்டிகள் ஒவ்வொன்றாக விலகின. தாய்மார்கள் வந்தார்கள். கடைசியாக ஆண்கள், தூரத்தில் நின்றார்கள்.

சார் தன் கையாலேயே பெயர் எழுதினார். மத்தியானம் வரை எழுதினார். வயது தெரியாத பிள்ளைகளுக்குப் பல்லைப் பார்த்தும் எந்த மழைக்குப் பிறந்தது என்று கேட்டும் போட்டோம். பள்ளிக்கூடத்துக்குப் போதுமான தலை இருந்தது. தாராளமாகவே இருந்தது.

அடுத்த வருஷம் அங்கே ஓராசிரியர் பள்ளி வந்தது. பத்து வயது வெள்ளச்சி ஒன்றாம் வகுப்பில் பொடிசுகளோடு உட்கார்ந்தாள். என் எக்ஸ்டென்ஷனும் வந்தது, அது கிடக்கட்டும்.

5. அன்றைய கடைசிப் படிவம்

புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான். ஊருக்குள் போனதும் எதற்காக வந்தாய் என்பதை முதலில் சொல், பேனாவை அப்புறம் திற. பயந்தவர்களிடம் வாங்கிய கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் குப்பைதான். என் சர்வீஸ் முழுக்க இதை விடாமல் கடைப்பிடித்தேன். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையை நினைத்தால் எனக்குப் பள்ளிக்கூடம் முதலில் ஞாபகத்துக்கு வருவதில்லை.

அன்றைக்கு எல்லாப் படிவங்களையும் திருத்தி எழுதினோம். கடைசியாக இருந்தது சடையன் வீடு. அவர் என் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேனா போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கேட்டார்.

"கொயந்தைங்கன்ற எடத்துல இன்னா எய்தினீங்க?"

"'இல்லை'ன்னு எழுதியிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். ஆமாம் என்று ஆட்டவில்லை.

"அப்படி எய்தினா, இவனுக்குப் பொறக்கலன்னுதான நெனப்பாங்க? பொறக்க வுடலன்னு எய்துங்க."

நான் சாரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உரல் மேலிருந்து எழுந்து நின்றிருந்தார். காதில் விழுந்திருந்தது.

"குறிப்புல எழுதும்மா" என்றார். "நான் கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். எந்த ஜீப், எந்தச் சந்தை, என்ன சொல்லி ஏற்றினார்கள், பேசி வைத்த பெண் என்ன ஆனாள், எல்லாம். இடம் போதாமல் படிவத்தின் ஓரத்தில் சுற்றிச் சுற்றி எழுதினேன். சார் அதன் கீழே கையெழுத்துப் போட்டார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. படிச்சிக் காட்டுங்க" என்றார் சடையன்.

படித்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, தன் அக்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.