நான்கு மணிக்குத்தான் திறக்கும்

ஏற்காட்டில் கொட்டச்சேட்டுக்குப் பக்கத்தில் ஒரு காப்பி எஸ்டேட்டின் மருந்தகத்தில் லூர்துசெல்வி இருபத்திரண்டு வருடங்களாக நர்ஸ். மிளகு பறிக்க ஏறி விழுந்தவர்கள், கத்தி பட்டவர்கள், பாம்பு கடித்தவர்கள் என யார் வந்தாலும் முதலுதவி செய்து, எஸ்டேட் ஜீப்பில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பிவிடுவார். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசி ஊரார் கேட்டதில்லை.

2022இல் மறைமாவட்டத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பல நாட்டுத் திருச்சபைகள் சேர்ந்து, பாலஸ்தீனத்தின் மேற்குக் கரைக்குப் பார்வையாளர்களை அனுப்புகின்றன. மூன்று மாதம் அங்கே தங்கி, பார்த்ததை எழுதித் தர வேண்டும். லூர்துசெல்வி விண்ணப்பித்தார். பெத்லகேமைப் பார்க்கத்தான் ஆசைப்படுகிறாள் என்று அவர் கணவர் அருள்சாமி நினைத்தார். லூர்துசெல்விக்குமே அப்போது மனதில் பெரிதாக இருந்தது அதுதான்.

அவரை அனுப்பிய ஊரில் தினமும் ஒரே வேலை. ஒரு இரும்புக் கேட்டுக்கு முன்னால் நின்று, எத்தனை பேர் உள்ளே போகிறார்கள், எத்தனை பேரைத் திருப்பி அனுப்புகிறார்கள் என்று எண்ண வேண்டும். அந்த மண் 1967லிருந்து இஸ்ரேல் ராணுவத்தின் பிடியில் இருக்கிறது. அந்தக் கேட் இருக்கும் வேலியை எல்லையில் போடாமல் பாலஸ்தீனர்களின் நிலத்துக்குள்ளேயே போட்டிருந்தார்கள். வீடு இந்தப் பக்கம், ஒலிவத் தோப்பு அந்தப் பக்கம். காலை ஆறரைக்கு இருபது நிமிடம், மாலை நான்கு மணிக்கு இருபது நிமிடம் கேட் திறக்கும். சொந்தத் தோப்புக்குப் போக ராணுவத்திடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

அபூ சாமிர் என்ற அறுபத்தேழு வயது விவசாயிக்குச் சீட்டு கிடைத்தது. அவருடைய இரண்டு மகன்களுக்கும் கிடைக்கவில்லை. 'பாதுகாப்புக் காரணம்' என்று இரண்டு வார்த்தைதான் பதில். அதனால் அறுவடைக் காலத்தில் கிழவர் தனியாக ஏணியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

நவம்பரில் ஒரு நாள் காலை பத்து நாற்பதுக்கு அவர் தோப்பிலிருந்து தன் மகள் ரீமுக்குப் போன் செய்தார். ரீம் பள்ளி ஆசிரியை. லூர்துசெல்விக்கு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்பவள். அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார், எழுந்திருக்க முடியவில்லை என்றாள். இருவரும் ஓடினார்கள். வேலிக்கு அப்பால், மூன்றாவது வரிசை மரத்தடியில் அவர் கிடப்பது கண்ணுக்குத் தெரிந்தது. கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான்.

காவலுக்கு இருந்த சிப்பாய்க்குப் பத்தொன்பது, இருபது வயது இருக்கும். மரியாதையாகத்தான் பேசினான். கேட் நான்கு மணிக்குத்தான் திறக்கும், சாவி ரோந்து வண்டியில் இருக்கிறது என்றான். நான் நர்ஸ், என்னை மட்டுமாவது உள்ளே விடு என்று லூர்துசெல்வி கேட்டார். உங்களிடம் சீட்டு இல்லையே என்றான். ரீம் ராணுவத்தின் உதவி எண்ணுக்குப் பதினோரு முறை போன் செய்தாள். பார்க்கிறோம் என்றார்கள். ஆம்புலன்ஸ் வந்து கேட்டுக்கு இந்தப் பக்கமே நின்றது.

லூர்துசெல்வி போனிலேயே வைத்தியம் பார்த்தார். காலை அசைக்க வேண்டாம், சாக்கைச் சுருட்டித் தொடைக்குப் பக்கத்தில் வையுங்கள் என்று அவர் சொல்ல, ரீம் அரபியில் சொன்னாள். மதியம் ஒரு மணிக்குமேல் கிழவரின் பேச்சு குழறியது. அதன்பின் போன் அணைந்துவிட்டது. மரத்தடியில் கை அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருவரும் வேலியோரம் நின்றார்கள். லூர்துசெல்வி ஒவ்வொரு மணியையும் நோட்டில் தமிழில் எழுதினார். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யாரும் அடிக்கவில்லை, யாரும் சுடவில்லை. சாவி ஒன்று வராததால் ஒரு மனிதர் கிடந்து சாகலாம் என்பதை ஒரு விதியாகவே வைத்திருக்கிறார்களே என்ற கோபம் அது.

நான்கு மணி இரண்டு நிமிடத்துக்குக் கேட் திறந்தது. இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. உயிர் பிழைத்தார், ஆனால் மறுபடி நடக்கவில்லை.

ஜனவரியில் லூர்துசெல்வி ஊர் திரும்பினார். ஞாயிறு பூசைக்குப் பிறகு பங்கு மண்டபத்தில் பேசச் சொன்னார்கள். புனித பூமியைப் பற்றிக் கேட்க எழுபது பேர் வந்திருந்தார்கள். அவர் நோட்டைத் திறந்து, பத்து நாற்பதிலிருந்து நான்கு இரண்டு வரை வாசித்தார். பிடித்து வைத்த மண்ணில் நோயாளிகளைக் காப்பது பிடித்து வைத்தவரின் கடமை என்று ஜெனீவா ஒப்பந்தம் சொல்வதையும் சொன்னார். பங்குப் பேரவை உறுப்பினரான சத்யராஜ் நடுவில் எழுந்தார்.

"இதெல்லாம் அரசியலுங்க, சிஸ்டர். பெத்லகேமைப் பத்திச் சொல்லுங்க."

"பெத்லகேமும் அந்த வேலிக்குப் பக்கத்துலதாங்க இருக்குது," என்றார் லூர்துசெல்வி. "விழுந்த மனுசனைத் தூக்க விடலைன்னு சொல்றேன். அது அரசியல்னா, நான் இத்தன வருசமா மருந்தகத்துல பண்ணுனதும் அரசியல்தானுங்க."

மண்டபத்தில் பாதிப்பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

மறுநாள் மாரமங்கலத்திலிருந்து காளியாயி காலில் கட்டு மாற்ற வந்தாள். சொந்தமாக இரண்டு ஏக்கரில் காப்பியும் மிளகும் வைத்திருப்பவள். விஷயம் அவள் காதுக்கும் போயிருந்தது.

"அவங்க தோட்டத்துக்குப் போறதுக்கு அவங்களே சீட்டு வாங்கோணுமாக்கும்?"

"ஆமாங்க."

"கோர்ட்டுக்குப் போகலீங்களா?"

அந்த வேலி சட்டத்துக்கு விரோதமானது என்று சர்வதேச நீதிமன்றம் 2004இலேயே கருத்துச் சொல்லிவிட்டதாக லூர்துசெல்வி விளக்கினார்.

"கோர்ட்டு சொல்லியுமா நிக்குது?" என்று காளியாயி கேட்டாள்.

லூர்துசெல்வியின் நோட்டை மொழிபெயர்த்து, அபூ சாமிரின் வழக்கறிஞர் ராணுவத்திடம் புகார் கொடுத்தார். எட்டு மாதம் கழித்து ஒரு வரி பதில் வந்தது: நடைமுறை பின்பற்றப்பட்டுள்ளது.

2024 ஜூலையில் அதே சர்வதேச நீதிமன்றம், அந்த ஆக்கிரமிப்பே சட்டவிரோதம், கூடிய சீக்கிரம் முடிவுக்கு வர வேண்டும் என்று கருத்துச் சொன்னது. மற்ற நாடுகள் அதற்குத் துணைபோகக் கூடாது என்றும் சொன்னது. செய்தியைப் படித்த லூர்துசெல்வி ரீமுக்குப் போன் செய்தார். ரீம் சந்தோஷப்படவில்லை. முந்தைய அக்டோபரில் போர் தொடங்கியதிலிருந்து கேட் ஒருநாள்கூடத் திறக்கவில்லை, காய்கள் மரத்தடியிலேயே விழுந்து அழுகிவிட்டன என்றாள். அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து தோப்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றாள்.

அன்று சாயங்காலம் லூர்துசெல்வி கணவரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்தார். நம் நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம். நீதிமன்றம் சொன்னதற்கு இந்தியா என்ன செய்யப்போகிறது என்பது கேள்வி. எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கும் அருள்சாமிக்குக் கடித நடை அத்துப்படி. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்னு போட்டர்லாமா?"

"வேண்டாமுங்க. கேட்கிறேன்னு மட்டும் போடுங்க."

அவர் அழித்துவிட்டு அப்படியே அடித்தார். இதுவரை ஆறு கடிதம் போயிருக்கிறது. ஒன்றுக்கும் பதில் இல்லை. ஏழாவதை லூர்துசெல்வி ஏற்காடு தபால் ஆபீசில் பதிவுத் தபாலாகக் கொடுத்திருக்கிறார்.