பின்வாசல் பாய்

நான் இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறி ஓட்டுகிறவன். என் வீட்டுக்காரி வேறொரு கம்பெனியில் அந்தத் துணியை மடித்துப் பாக்கெட் போடுவாள். மகள் ஸ்ரீவில்லிபுத்தூரில் கல்லூரி, இரண்டாம் வருஷம். எங்கள் இரண்டு பக்கத்திலும் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வீட்டுவிலக்கு நாட்களில் பெண்கள் அடுப்படிக்குள் வருவதில்லை. பின்வாசலில் தகரம் இறக்கிய இடத்தில் ஆளுக்கொரு பாய், தட்டு, செம்பு தனியாக இருக்கும். அந்த நாட்களில் சோறு நான் பொங்குவேன். வீட்டுக்காரிக்கு நின்றுபோன பிறகு அவள் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டோம்.

இரண்டு வருஷம் கழித்து அவளே அதை எடுத்து விரித்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. பொம்பளைகள் சமாச்சாரம். கம்பெனியில் கூட நிற்பவர்கள் கேலி பண்ணினார்களாம். "ஏட்டி, பேரன் எடுக்குற வயசுல திரும்பக் குமரியாயிட்டியே." சொல்லி அவளும் சிரித்தாள்.

நாட்கள் கூடிக்கொண்டே போயின. மாதத்தில் பாதி அவள் பாயில்தான். தள்ளி உட்கார வேண்டியவள் தள்ளி உட்கார்ந்தாள், பொங்க வேண்டியவன் பொங்கினேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஆஸ்பத்திரி என்று யாருக்கும் தோன்றவில்லை. இடுப்பு வலியில் நிற்க முடியாமல் போனதும் மகள் கூட்டிப் போனாள். நின்ற பிறகு திரும்ப ரத்தம் பட்டால் அன்றைக்கே வந்திருக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். கருப்பை வாயில் புற்று. மதுரையில் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும்.

வைத்தியத்துக்குக் காப்பீட்டு அட்டை இருந்தது. கூட இருக்கத்தான் ஆள் இல்லை. நான் லீவு போட்டால் தறி அடுத்தவன் கைக்குப் போய்விடும். அவள் சம்பளம் ஏற்கெனவே நின்றுவிட்டது. சொந்தக்காரர்கள் போனில் விசாரித்தார்கள். நோய் எந்த இடத்தில் என்று தெரிந்ததும் அதுவும் குறைந்தது. மகள் பையை எடுத்துக்கொண்டு அம்மாவோடு மதுரைக்குப் போனாள். பரீட்சை எழுதவில்லை.

திரும்பி வந்ததும், படிப்பு போதும், அம்மா பாக்கெட் போட்ட மேசையில் தான் வேலைக்கு நிற்கப் போவதாகச் சொன்னாள். கம்பெனியிலும் பேசிவிட்டாள். நான் சட்டையை மாட்டிக்கொண்டு தறிக்குக் கிளம்பினேன். பின்வாசலில் படுத்திருந்த வீட்டுக்காரி கேட்டுக்கொண்டிருந்தாள்.

கல்லூரி திறக்கும் அன்று காலை அடுப்படியில் சத்தம். போய்ப் பார்த்தால் வீட்டுக்காரி. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு எலுமிச்சைச் சோறு கிளறிக்கொண்டிருந்தாள். மகளும் வந்துவிட்டாள்.

"இன்னும் லேசா படுதுன்னு நேத்துக்கூடச் சொன்னியேம்மா."

"பட்டாப் படுது. நீ பஸ்ஸுக்குக் கெளம்பு. கம்பெனிக்கு நீ போனேன்னா நான் அம்புட்டு கரண்டு வச்சதும் வீண்."

மகள் என்னைப் பார்த்தாள். நான் டிபன் பாக்ஸைக் கழுவி நீட்டினேன். நின்றுபோன சம்பளத்துக்கு ஈடாக அன்றிலிருந்து இன்னொரு தறியும் சேர்த்துப் பார்க்கிறேன்.

மகள் பஸ்ஸுக்குப் போன பிறகு ஸ்டூலைக் கொண்டுவந்து அடுப்பு முன்னால் போட்டேன். வீட்டுக்காரி உட்கார்ந்தாள்.