அன்று ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தீர்கள்?

ஜனத்தொகைக் கணக்கு எடுக்கிறோம் என்று யாராவது, இப்போது நான் குடியிருக்கும் புஞ்சாக் ஆலாமில் என் வீட்டுக் கேட்டைத் தட்டினால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். பாவம், வெயிலில் வந்து நிற்கிற பிள்ளைகள், அவர்கள் மேல் கோபப்பட என்ன இருக்கிறது? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லி அனுப்பிவிடுவேன். அவர்கள் போன பிறகு கொஞ்ச நேரத்துக்கு எனக்கு ஒரு வேலையும் ஓடாது. அந்தக் கோபமெல்லாம் எண்பதாம் ஆண்டு கணக்கெடுப்பின்போது கையில் குடையும் மூக்குக்கு மேல் திமிருமாகத் திரிந்த ஒரு பெண்ணின் மேல். அவள் நான்தான்.

அப்பா கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டமொன்றில் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. காலையில் ஆட்கள் வந்து நிற்கும் பெரட்டில் பேர் வாசிப்பது முதல் ஆபீஸ் கணக்கு வரைக்கும் அவர் கையில்தான். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடு தோட்டத்தில் வேலை செய்கிறவனுக்கு மட்டும் என்பது சட்டம். வயதாகி நின்றவர், புருஷன் செத்த பெண், வேலையை விட்ட மகன், யாராக இருந்தாலும் ஆபீஸ் பதிவில் பேர் போனால் வீட்டிலும் இடம் இல்லை. நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே வளர்ந்தவள். ஆனால் எங்களுடையது லயத்து வீடு இல்லை, கிராணி வீடு. நமக்கு நோகாத வரைக்கும் எதைத்தான் யோசிக்கிறோம்?

படித்துவிட்டுச் சும்மா இருந்த என்னைக் கணக்கெடுப்புக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆட்களைத் தெரிந்தவள் என்று எங்கள் தோட்டத்தையே கொடுத்தார்கள். ஒரு வீட்டில்கூட எனக்குத் தகராறு இல்லை. போனேன், கேட்டேன், சொன்னார்கள், எழுதினேன். மற்ற தோட்டங்களில் எல்லாரும் நாயாய் அலைந்துகொண்டிருக்க, நான் எல்லாருக்கும் முன்னால் முடித்துவிட்டேன். மேலதிகாரி மற்றவர்களைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். அன்றைக்கு என் கால் தரையில் இல்லை.

சில மாதம் கழித்து, எடுத்த கணக்கு எவ்வளவு சரி என்று பார்க்க, பொறுக்கியெடுத்த இடங்களில் மறுபடி வீடு வீடாகக் கேட்கச் சொன்னார்கள். முதலில் எண்ணியவர் அதே இடத்துக்குப் போகக் கூடாது, அவர் எழுதியதும் நம் கண்ணில் காட்ட மாட்டார்கள். எனக்கு வடக்கே, பஸ் மாறிப் போகும் தூரத்தில் ஒரு தோட்டம் விழுந்தது. முன்பு அங்கே எண்ணியது அந்தத் தோட்டத்துக் கிராணியின் மகன். நாங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கணக்கெடுப்புக்கென்று குறித்திருந்த அந்த ஒரு ராத்திரி இந்த வீட்டில் யார் யார் படுத்தீர்கள்?

லயத்தின் கோடி வீட்டில் ஒருவர் செம்பனைக் குலை வெட்டிவிட்டு வந்து அப்போதுதான் குளித்திருந்தார். வீட்டுக்குப் பின்னால் ஆட்டுக் கொட்டாய். தான், மனைவி, பிள்ளைகள் என்று வரிசையாகச் சொன்னார். வேறு யாராவது, விருந்தாளி, கைக்குழந்தை, அன்றைக்கு இருந்து அப்புறம் தவறிப்போனவர்கள் என்று நான் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவருடைய மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். புருஷன்காரர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைக்க அங்கே ஈரமே இல்லை.

"அப்பா இருந்தாரு. ஆனா அன்னைக்கு ராத்திரி வீட்டுல படுக்கல. ஆட்டுக் கொட்டாயில படுத்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிடும்போல் இருந்தது. நல்லவேளை, சிரிக்கவில்லை. அவர் மெதுவாகச் சொன்னார். அவருடைய அப்பாவுக்கு வயதாகி வேலை நின்று போயிருந்தது, பதிவில் பேர் இல்லை. வீட்டில் இருக்கிறார் என்று ஆபீஸ் காதுக்குப் போனால் வெளியேற்றச் சொல்வார்கள். இல்லை என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போகலாம் என்றால், அந்த வாரம் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. காவடி எடுக்க இவர் கையில் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டிய கையோடு பொய் சொன்னால் ஆத்தா சும்மா விடுவாளா? யோசித்து யோசித்து, சொல்கிற பதில் உண்மையாக இருக்கட்டும் என்று, அப்பாவை அந்த ஒரு ராத்திரிக்குக் கொட்டாயில் படுக்கச் சொல்லிவிட்டார். அப்பாவும் மறு பேச்சு பேசாமல் சாக்கை எடுத்துக்கொண்டு போனாராம். நடு ராத்திரியில் மழை பிடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு வந்த இருமல் நிற்கவே இல்லை, காவடிக் கடன் முடித்துக் கொஞ்ச நாளில் அப்பா போய்விட்டார்.

அந்த இருமலுக்கும் மழைக்கும் சம்பந்தம் உண்டா என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் அவர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து ஒன்று கேட்டார்.

"கொட்டாயில படுத்தாருன்னு எழுதுவீங்களா, தங்கச்சி?"

அன்றைக்கு உயிரோடு இருந்தவர் எங்கே படுத்திருந்தாலும் சேர்க்க வேண்டும் என்பது விதி. கொட்டாய், கிட்டாய் என்றெல்லாம் எழுத இடமில்லை, இந்த வீட்டில் இன்னொரு ஆள், அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப வீட்டுல படுத்த மாதிரிதானே?"

ஆமாம் அண்ணே என்றேன். அவருக்கு எவ்வளவு நிம்மதி என்கிறீர்கள்! மனைவியிடம் காப்பி போடச் சொன்னார். காப்பி குடிக்கும்போது சாதாரணமாக ஒரு வார்த்தை சொன்னார். "நீங்க வெளியாளு, அதான் சொல்லிட்டேன். கிராணி மகன்கிட்ட இதெல்லாம் சொல்ல முடியுமா?"

நான் யார் மகள் என்று அவருக்குச் சொல்லவில்லை.

பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் லயத்து வீடு ஒவ்வொன்றும் கண் முன்னால் வந்து நின்றது. எவ்வளவு சட்டுச் சட்டென்று பதில் சொன்னார்கள்! நான் கெட்டிக்காரி என்பதாலா சொன்னார்கள்? கிராணி மகள் சீக்கிரம் இடத்தைக் காலி பண்ண வேண்டுமென்று சொன்னார்கள். கடைசியில் எங்கள் வீட்டுக்குத் துணி துவைக்க வரும் அக்காவின் வீடு ஞாபகத்துக்கு வந்தது. நானும் அவரும் ரெண்டு பிள்ளைங்களும், மொத்தம் நாலு பேரு என்று சொன்னார், நான் எழுதிக்கொண்டேன். அந்த வீட்டில் பெரியம்மா ஒருத்தர் இருந்தார். துணி துவைக்கும் அக்காவின் கூடப் பிறந்தவர். புருஷன் லோரியில் அடிபட்டுச் செத்த பிறகு, இருந்த தோட்டத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட, தங்கையோடு வந்து ஒண்டிக்கொண்டவர். பைப்படியில் அவர் சிரித்தால் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். என்னைப் பார்த்தால் கல்யாணச் சோறு எப்போ பாப்பா என்று வம்பு இழுக்காமல் விட மாட்டார். நான் எண்ணப் போன அன்றைக்கு அந்தச் சிரிப்பு இல்லை. எங்கேயாவது போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

அதோடு விட்டிருக்கக் கூடாதா? எங்கள் தோட்டத்தை மறுபடி பார்க்க வேறு ஆள் வரவும் இல்லை, எனக்கு அதில் அதிகாரமும் இல்லை. ஆனால் மனசு கிடந்து அரித்தது. தெரிந்துகொண்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தேன். யாருடைய பாரம்? என்னுடையதுதான், வேறு யாருடையது! மறுநாள் அக்கா துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, முடிந்தவரை அன்பாகக் கேட்டேன்.

"அக்கா, கணக்கெடுத்த அன்னைக்கு ராத்திரி பெரியம்மா எங்க படுத்தாங்க?"

அவர் கை அப்படியே நின்றது. சோப்பு நுரை மணிக்கட்டில் வழிந்தது.

"கிராணி ஐயா ஏதாச்சும் கேட்டாங்களா, பாப்பா?"

ஐயோ இல்லை அக்கா, நானாகத்தான் கேட்டேன் என்றேன். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றேன். சாமி சத்தியம் என்றேன். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது. பிழிய வேண்டிய துணியைப் பிழியாமலேயே கொடியில் போட்டுவிட்டுப் போனார். அடுத்த நாள் வேலைக்கு வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அந்த இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எனக்குப் பொறுக்க முடியவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்த வாயால், நடந்ததை அவரிடமே கொட்டினேன். அவர்களை ஒன்றும் செய்துவிடாதீர்கள் அப்பா என்று கெஞ்சினேன். அப்பா என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"எந்த வீட்டுல யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதாம்மா? தெரியாத மாதிரி இருந்தேன். அதனாலதான் அவங்க இருந்தாங்க. நீ எதுக்குக் கேட்ட?"

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்பார்கள். அப்பா சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையைக் கழுவினார். கோபித்துக்கொண்டிருந்தாலாவது ஆறியிருக்கும்.

விடிந்ததும் விடியாததுமாக லயத்துக்கு ஓடினேன். பயப்பட ஒன்றும் இல்லை, பெரியம்மா தாராளமாக இருக்கலாம் என்று சொல்வதற்காகத்தான் போனேன். அக்கா வாசலில் கூட்டிக்கொண்டிருந்தார். பெரியம்மா முதல் பஸ்ஸுக்கே போய்விட்டாராம். கடலோரத்துச் சுங்கை செம்பிலாங்கில் யாரோ மீன் காயப்போட ஆள் தேடினார்களாம், அவர்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாமாம். சொந்தமா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்பாவுக்கு முன்னாடியே எல்லாம் தெரியும், அவர் ஒன்றும் சொல்ல மாட்டார், திரும்பக் கூட்டி வாருங்கள் என்றேன். அப்பாவுக்குத் தெரியும் என்று சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்த மடச்சி நான். அக்கா விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு ஆபீஸ் இருக்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். அதைக் கண்டு மனசு இளகினாரோ, இல்லை கிராணி மகளை அழவைத்துவிட்டோமே என்று பயந்தாரோ, தெரியாது. என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் பேசினார்.

"அழுவாதீங்க பாப்பா. அன்னைக்கு நாலு பேருன்னு சொன்னேன்ல? உள்ள வந்து பாத்துக்குங்க. இப்ப நாலு பேருதான்."